கச்சான் காற்றும் ஊவாத் தேயிலையும்

ஆடி பிறந்தால் நுவரெலியாவிலிருக்கும் சொந்தக்காரர்கள், "இங்க ஒரே மழை, துணி காயல" என்று போனில் புலம்புவார்கள். பதுளைப் பக்கம் கொடியில் போட்ட கம்பளிகூட மத்தியானத்துக்குள் மொறமொறத்துவிடும். நடுவில் இருப்பது மலைகள் மட்டும்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியாப் பக்கச் சரிவில் ஏறிக் குளிர்கிறது. ஈரம் மழையாகக் கொட்டுகிறது. நீராவி நீராகும்போது வெப்பத்தை வெளியே விடுவதால், மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீற்றருக்கு 5, 6 பாகைதான் குளிரும். ஈரம் தொலைத்து, பதுளை இருக்கும் ஊவாவுக்குள் இறங்கும்போதோ கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை சூடேறும். இழந்ததைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு வருகிறது. அதுதான் கச்சான். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இதே மாதிரிக் காற்றுக்கு 'ஃபோன்' என்று பேர் (நம்ம கையில் இருக்கிற போன் இல்லை!).

இந்த வறட்சியில் தேயிலைச் செடி தவிக்கும். கொழுந்து மெதுவாக வளரும், இலையில் வாசனைப் பொருட்கள் கூடும். அதில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் மணக்கிறதே, அதேதான். ஊவாத் தேத்தண்ணியில் தொண்டைக்குள் குளுகுளுவென்று ஏறும் அந்த மணத்துக்கு இதுவும் காரணம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் தூளுக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மவுசு.

ஆனால் கொழுந்து குறைந்தால் நிறையும் குறையும். நாளுக்கென்று வைத்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். நல்ல விலை கிடைக்கும் பருவத்தில் பறிக்கிறவள் சம்பளம் இறங்குவது என்ன நியாயம்? கச்சான் மாதங்களிலாவது தோட்டக் கம்பெனிகள் நிறைக் கணக்கைக் குறைக்க வேண்டும்.