எல்லாருக்கும் எட்டும் கட்டை

டூங்காபி, சிட்னி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நம் சபை விருந்தான அசனப் பண்டிகையில் வாலிபர்கள் பாடிய புதுப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கோயிலா, சினிமாக் கொட்டகையா என்று தெரியவில்லை என்கிறீர்கள். ஆர்மோனியத்தை மூடி வைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊர்க் கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நீங்களே இப்படி எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. இதே மனக்குறை வேறு ஊர்களிலும் பலருக்கு இருக்கும். அதனால் இந்த மாத மடலையே உங்களுக்குப் பதிலாக எழுதுகிறேன்.

உங்கள் வாலிபர்கள் வாசித்த அந்த ஓசை பிறந்த இடங்களில் ஒன்று என் வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இங்கிருந்து காரில் கிளம்பினால் இருபது நிமிடத்துக்குள் நார்வெஸ்ட் வந்துவிடும். அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த அந்தப் பகுதியில்தான் ஹில்சாங் சபையின் பெரிய அரங்கம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மாநாட்டு மண்டபம் என்றுதான் தோன்றும். 1983ல் பால்க்கம் ஹில்ஸில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், வேறு பெயரில் தொடங்கிய சபை இது. அவர்கள் வெளியிட்ட பாடல்களுக்கு வைத்த பெயர் உலகமெல்லாம் பரவியதால், பிற்பாடு சபைக்கும் அதையே சூட்டிக்கொண்டார்கள்.

பின்னாளில் அங்கே பாடல் ஊழியத்துக்குத் தலைமை ஏற்ற டார்லீன் செக், 1993ல் 'ஷவுட் டு த லார்ட்' பாட்டை எழுதினார். சிறுமியாகத் தொலைக்காட்சியில் பாடியவர். பிறகு மெக்டொனால்ட்ஸ், கே.எஃப்.சி. விளம்பரங்களுக்கும் பாடியவர். ஒரு தடவை கேட்டதும் மனசில் தங்கிவிடுகிற மெட்டு எப்படி அமைய வேண்டும் என்பது அவருக்கு அங்கேயே பழகியிருக்க வேண்டும். 2013ல் இதே சபையிலிருந்து வந்த 'ஓஷன்ஸ்' ஏறக்குறைய ஒன்பது நிமிடப் பாட்டு. அமெரிக்காவின் பில்போர்டு கிறிஸ்தவப் பாடல் பட்டியலில் 61 வாரம் அது முதலிடத்தில் இருந்தது. 2018ல் 'வாட் எ பியூட்டிபுல் நேம்' பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. வாலிபர்களுக்கென்று இவர்கள் தொடங்கிய இன்னொரு குழுவின் பாட்டுகளில் நடன விடுதிகளின் மின்னிசையே கேட்கும்.

அந்த ஓசையில் மாயமந்திரம் எதுவும் இல்லை, அண்ணாச்சி. நாலைந்து கார்டு மட்டுமே மாறி மாறி வரும். கிட்டாரில் ஒரு தட்டுத் தட்டினால் அது எதிரொலியாகத் திரும்பத் திரும்பக் கேட்கும். 'யூ2' குழுவின் கிட்டார்க் கலைஞர் 1980களில் உலகத்துக்குப் பழக்கிய முறை இது. அடியில் கீபோர்டு அறுபடாத ஒரு கார்வையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். முதல் சரணத்தைத் தாழ்ந்த குரலில், தனக்குத் தானே பேசிக்கொள்வதுபோல் பாடுவார்கள். பல்லவி உயரும். பிறகு பிரிட்ஜ் என்று அவர்கள் சொல்லும் பகுதி வரும். அதே வரிகளை ஐந்தாறு முறை பாட, ஒவ்வொரு முறையும் டிரம் ஏறிக்கொண்டே போகும். காதல் பாட்டு, பிரிவுப் பாட்டு எல்லாவற்றையும் இன்றைய ஆங்கில மெல்லிசையில் இப்படித்தான் கட்டுகிறார்கள். பதிவு செய்கிற கருவிகளும் ஒன்று. அமெரிக்காவில் முதலாளிகளும் ஒன்று. நாஷ்வில்லில் உள்ள பெரிய கிறிஸ்தவ இசை நிறுவனங்களில் ஒன்று யுனிவர்சல் கையில் இருக்கிறது, இன்னொன்று சோனியிடம் இருக்கிறது. லாரன் டெய்கிலின் 'யூ சே' 2018ல் வந்து நூறு வாரங்களுக்கு மேல் கிறிஸ்தவப் பட்டியலின் உச்சியில் இருந்தது. அதைக் கேட்டவர்களில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலப் பாடகி அடேல் நினைவுக்கு வந்தார்.

அப்படியானால் இது கெட்டுப்போன காலத்தின் அடையாளமா? நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், முள்முடி சூடிய சிரசைப் பார்த்துப் பாடுகிற பாமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆர்மோனியத்தில் அதை எடுத்தாலே பெண்கள் பக்கத்தில் முந்தானை கண்ணுக்குப் போய்விடும். அந்த மெட்டு பிறந்தது காதல் பாட்டாக. 1601ல் ஜெர்மனியில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர், ஒரு பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்துத் தவிக்கிற வாலிபனுக்காக அமைத்தது. பவுல் கெர்ஹார்ட் 1656ல் எழுதிய பாடுகளின் பாட்டு அந்த மெட்டோடு ஒட்டிக்கொண்டது. இசையமைப்பாளர் பாக் தன்னுடைய மத்தேயு பாடுகளின் இசையில் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டார். மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கு வந்து நம்முடைய பெரிய வெள்ளியாகவே ஆகிவிட்டது. 1973ல் பால் சைமன் அதே மெட்டில் 'அமெரிக்கன் ட்யூன்' பாடினார். புறப்பட்ட தெருவுக்கே மெட்டு திரும்பி வந்தது.

லூத்தர் 1535ல் கிறிஸ்து பிறப்புப் பாட்டு ஒன்றை அக்காலத்து நாட்டுப்பாட்டு மெட்டில் வெளியிட்டார். 1539ல் அதே வரிகளுக்குப் புது மெட்டு வந்தது, நிலைத்தது இரண்டாவதுதான். இரவல் வாங்கவும் மாற்றிப் பார்க்கவும் அவர் கூச்சப்படவில்லை. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி நடத்துகிற இரட்சணிய சேனையார் 1880களில் இங்கிலாந்தில் 'சாம்பெயின் சார்லி' என்ற குடிப்பாட்டின் மெட்டிலேயே இரட்சிப்பின் பாட்டைப் பாடித் தெருவில் கூட்டம் சேர்த்தார்கள்.

நம்மூர்க்காரரை விட்டுவிடலாமா? திருநெல்வேலியில் 1774ல் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் இளவரசர் சரபோஜியோடு படித்த வேதநாயக சாஸ்திரியார், 1800ல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குற்றாலநாதருக்குத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சி அதற்கு முன்பே வந்தது. ஆட்டமும் பாட்டும் குறத்தியின் குறியுமாக ஊர் ஊராக ஜனங்கள் கூடி ரசித்த வடிவம் அது. சாஸ்திரியார் அதை அப்படியே எடுத்து, சீயோன் குமாரத்தியைத் தலைவியாக்கினார். கர்த்தர் மேல் காதல் கொண்ட பெண்ணாகச் சபையை நிறுத்தினார். ஆங்கிலம் பேசுகிறவர்களில் சிலர் இன்று இந்தப் புதுப்பாட்டுகளைக் குறைசொல்லும்போது, தேவனைக் காதலன்போல் கூப்பிடுகிறார்களே என்று நொந்துகொள்கிறார்கள். ஆண்டாளும் மாணிக்கவாசகரும் பிறந்த மொழிக்காரர்களுக்கு, உன்னதப்பாட்டையும் வேதத்தில் வைத்துப் படிப்பவர்களுக்கு, அது ஒரு குறையாகவே தோன்றாது.

மெட்டு எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. 1954ல் ரே சார்லஸ் ஒரு கோயில் பாட்டின் அமைப்பை எடுத்துக் காதல் பாட்டாக்கினார். கறுப்பினச் சபைகளில் பலர் அதிர்ந்துபோனார்கள். இன்று சோல் இசை என்று உலகம் கொண்டாடுவதன் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. கேட்டி பெரியின் 'டார்க் ஹார்ஸ்' தன் பாட்டைத் திருடியது என்று ஒரு கிறிஸ்தவ ராப் பாடகர் வழக்குப் போட்டார். 2019ல் ஜூரிகள் அவருக்கு 27 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே நீதிபதி அதை ரத்து செய்தார்; 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. சில சுரங்கள் திரும்பத் திரும்ப வரும் இவ்வளவு எளிய தொடர் எந்த ஒருவருக்கும் சொந்தமாக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். கோயிலுக்கென்று சுரமும் இல்லை, கொட்டகைக்கென்று சுரமும் இல்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் உங்கள் மனசில் உறுத்துவது பொய்யல்ல, அண்ணாச்சி. எதை இரவல் வாங்குகிறோம் என்பது மாறிவிட்டது. லூத்தரும் சாஸ்திரியாரும் இரட்சணிய சேனையும் எடுத்தது ஜனங்கள் ஏற்கனவே வாயில் வைத்திருந்த மெட்டுகளை. வயலிலும் தெருவிலும் பாடிப் பழகிய தொண்டைகள் கோயிலுக்குள் வந்ததும் தயக்கமில்லாமல் பாடின. இன்று வாங்குவது ஒலிப்பதிவின் ஓசையை. தேர்ந்த பாடகர் ஒருவரின் தனிக்குரலுக்கு ஏற்ற உயரம், அந்தக் குரலுக்கான நெளிவு, கருவிகளின் ஏற்றம், மேடை விளக்கு எல்லாம் ஒரே கட்டாக வருகின்றன. கேட்பதற்கென்று செய்ததைப் பாடச் சொல்லிக் கொடுக்கிறோம். சபையார் முதல் சரணம் வரை கூட வருகிறார்கள். பல்லவி ஏறும்போது நின்றுவிட்டு, கைகளை மட்டும் தட்டுகிறார்கள்.

மேற்குச் சிட்னியில் தமிழ்ச் சபைகள் சில, வெள்ளைக்காரர்களின் கோயிலை மதியத்துக்கு மேல் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகின்றன. அப்படி ஒன்றுக்குத்தான் நாங்களும் போகிறோம். யாழ்ப்பாணத்தாரும் நெல்லைக்காரரும் கலந்த சபை. அங்கே பிள்ளைகள் இந்தப் பாட்டுகளைப் பாடியபோது பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. பிடிக்கவில்லை என்றுதான் எல்லாரும் எண்ணினோம். கீபோர்டு வாசிக்கிற பெண்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு கட்டையில் இருந்த பாட்டை இரண்டு கட்டைக்கு இறக்கினாள். டிரம்மை நிறுத்தச் சொன்னாள். பிரிட்ஜை இரண்டு தடவைக்கு மேல் பாடவில்லை. அன்றைக்குப் பெரியவர்களும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு அதேதான், மெட்டும் அதேதான். அவர்களுக்குத் தடையாக இருந்தது சினிமாத்தனம் அல்ல. எட்டாத உயரமும் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காத சத்தமும்தான்.

இன்னும் இரண்டு கவலைகள் எனக்கு உண்டு. ஒன்று, எல்லாச் சபைகளும் ஒரே பாட்டைப் பாடுவது. பாட்டுகளின் காப்புரிமைக்காகச் சபைகள் வருஷா வருஷம் கட்டணம் கட்டுகிற சி.சி.எல்.ஐ. என்ற அமைப்பு, 1988ல் அமெரிக்காவில் தொடங்கியது. எந்தப் பாட்டு அதிகம் பாடப்படுகிறது என்று அவர்கள் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் உள்ளதையே மற்ற சபைகளும் எடுக்கின்றன. எடுப்பதால் அது பட்டியலிலேயே நிற்கிறது. 2010 முதல் 2020 வரை இத்தகைய பட்டியல்களின் உச்சியில் இருந்த பாட்டுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே ஹில்சாங், பெத்தேல், எலிவேஷன், பேஷன் என்ற நாலே சபைகளோடு தொடர்புடையவையாக இருந்தன. கலிபோர்னியாவிலும் சிட்னியிலும் இயற்றியதையே பாளையங்கோட்டையிலும் பாடினால், தாமிரபரணிக் கரையின் பஞ்சத்தையும் மழையையும் பாட யார் இருப்பார்கள்?

இரண்டாவது, அழுகை. நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வராமலே இருட்டில் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் சபையில், இலங்கைப் போரில் காணாமல் போன மகனைப் பற்றி இன்றும் செய்தியில்லாத அம்மா ஒருவர் இருக்கிறார். மேடையில் வெற்றி வெற்றி என்று மூன்று பாட்டு தொடர்ந்து வரும்போது அவர் பாடுவதற்கு ஒரு வரியும் இல்லை. ஏறி ஏறி உச்சியில் கைதட்டலோடு முடிகிற இந்தக் கட்டமைப்புக்குள் புலம்பல் எளிதில் அடங்காது. மெல்லிசையிடமிருந்து இரவல் வாங்கியதில் நாம் கொடுத்த பெரிய விலை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஆர்மோனியத்தை மூட வேண்டாம், அண்ணாச்சி. வாலிபர்களையும் அனுப்பிவிட வேண்டாம். இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் கேட்காதீர்கள்; நம் பெரிய வெள்ளிப் பாட்டே அந்தக் கேள்விக்குத் தாங்காது. அதற்குப் பதிலாக மூன்று காரியம் கேளுங்கள். பாட்டைச் சபையாருக்கு எட்டுகிற கட்டைக்கு இறக்கச் சொல்லுங்கள். ஒரு சரணத்துக்காவது மைக்கையும் டிரம்மையும் நிறுத்தி, ஜனங்கள் பாடுகிறார்களா என்று காது கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த அசனத்துக்குள், துக்க வீட்டிலும் பாடக்கூடிய ஒரு பாட்டை நம்மூர்த் தமிழில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ராகம் போட நீங்கள் கூட இருங்கள். கிட்டாரில் போட்டாலும் சரி, கீபோர்டில் போட்டாலும் சரி. சபை முழுவதும் வாய் திறந்து பாடினால் அது கோயில் பாட்டு.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி