கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டேன்

மேக் கணினி நம் ஊரில் பரவாமல் போனதற்கு விலை ஒரு காரணம். என்னைப் போன்றவர்கள் இன்னொரு காரணம். தொண்ணூறுகளில் சென்னையில் பத்திரிகைகளுக்கு லே-அவுட் செய்த பலரைப் போல நானும் மேக்கில்தான் தொழில் பழகினேன். அந்தக் கணினி எனக்கு உயிர். ஆனால், அது எல்லோரிடமும் இல்லை என்பது அதைவிடப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2005 ஜனவரியில் ஆப்பிள் மேக் மினியை வெளியிட்டது. டிபன் டப்பா போல ஒரு சின்னப் பெட்டி. அமெரிக்காவில் 499 டாலர். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் கூட வராது. வீட்டில் இருப்பதையே மாட்டிக்கொள்ளலாம். பழைய விஜிஏ மானிட்டரை இணைப்பதற்கான அடாப்டரையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அப்போது உலகில் விற்ற கணினிகளில் மேக் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். ஐபாடை 2002-இல் விண்டோஸோடு சேர்ந்து இயங்கவைத்து, மறு ஆண்டு ஐடியூன்ஸையும் விண்டோஸுக்குக் கொடுத்து, ஆப்பிள் என்ற பெயரை வெளியாட்களின் கைகளில் சேர்த்திருந்தார்கள். அந்த வெளியாட்களை உள்ளே கூப்பிடுவதற்காகச் செய்த பெட்டி இது.

திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துவந்த அண்ணாச்சி ஒருவர் பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் கம்ப்யூட்டரில் ஓயாத வைரஸ் தொல்லை. முகூர்த்த மாதங்களில்கூட வேலையைப் போட்டுவிட்டு ஃபார்மேட் பண்ண ஆள் தேடுவார்.

"தம்பி, நம்மகிட்ட இருக்கிற மானிட்டரையே மாட்டிக்கலாமாமே? பழைய மேட்டரெல்லாம் இதுல தொறக்குமா? ரிப்பேர்னா யாருகிட்ட போறது?"

காசு போடுகிறவர் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள். முதலாவதற்குப் பதில் ஆமாம். அது எனக்குத் தெரியும். இரண்டாவது நிஜமாகவே சிக்கல். யூனிகோடு பரவாத காலம். தமிழ் ஃபான்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. அதே ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் மணமகள் பெயர் வெறும் குறிகளாகத் தெரியும். ஆனால், இப்படிப்பட்ட மேட்டரை மேக்குக்கும் விண்டோஸுக்கும் இடையே மாற்றிக் கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. ஒரு சாயங்காலம் அவர் கடையில் உட்கார்ந்திருந்தால் வழிகாட்டியிருக்கலாம். மூன்றாவது கேள்விக்கு, "நான் இருக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கலாம்.

"அது உங்களுக்குச் சரிப்பட்டு வராது அண்ணாச்சி" என்றேன். அவர் ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு அசெம்பிள்டு செட் வாங்கிக்கொண்டார்.

அவர் நன்மைக்காகச் சொன்னதாக நெடுநாள் என்னையே நம்பவைத்திருந்தேன். பொய். மை அப்பிய அந்த மேசையில் மேக் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவரும் வாங்கிவிட்டால் பிறகு நான் யார்?

அதே ஆண்டு ஜூனில், மேக் இனி இன்டெல் சிப்பில் ஓடும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். 2006 ஏப்ரலில் பூட் கேம்ப் வந்தது. மேக்கிலேயே விண்டோஸைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தீட்டுப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன். பழகாவிட்டால் போட்ட பணம் போய்விடுமே என்று தயங்கி நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அமெரிக்காவில் 2001 மே மாதமே ஆப்பிள் சொந்தக் கடை திறந்து, சந்தேகம் கேட்க ஜீனியஸ் பார் என்று தனி இடமும் வைத்துவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரு கடை 2023 ஏப்ரலில்தான் மும்பையில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே கணினி விற்ற கடைகள் இருந்தன. ஆனால், வாங்கலாமா வேண்டாமா என்று மனம்விட்டுக் கேட்க, ஏற்கெனவே மேக் வைத்திருந்த எங்களை விட்டால் ஆள் இல்லை. அதனால்தான் என் குற்றத்தைச் சிறியதென்று ஒதுக்க முடியவில்லை.

இன்று ஃபிரேம்வொர்க், சிஸ்டம்76 போன்ற சிறு நிறுவனங்கள் நல்ல கணினிகள் செய்கின்றன. "டேலி ஓடுமா, என் பிரிண்டர் வேலை செய்யுமா" என்று கேட்பவருக்கு, "அப்போ இது உங்களுக்கானது இல்லை" என்ற பதில் அங்கேயும் கிடைக்கிறது. என்னிடம் கேட்டால், விளம்பரப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, புதிதாக வருபவரின் பழைய ஃபைல்களை உடன் உட்கார்ந்து மாற்றித் தரும் ஆட்களுக்குக் கொடுக்கச் சொல்வேன். அந்த ஆட்களை, கணினி எவ்வளவு தெரியும் என்று பார்த்து மட்டும் எடுக்கக் கூடாது. எனக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.