ஐந்தாம் பொத்தான்



உங்கள் வீட்டுத் தொலைபேசியில் 2 என்ற பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அழைப்பு யாருக்குப் போகும்? இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். "அதுவா, மகன் ஏதோ போட்டு வைத்தார்" என்பதே அநேகமாகக் கிடைக்கும் பதில். போட்டு வைத்த மகன் இப்போது சவூதியில் இருப்பார். அவர் போட்டது தன்னோடு படித்த யாரோ ஒரு நண்பனின் பழைய இலக்கமாக இருக்கும்!

ஸ்பீட் டயல் என்று இதற்குப் பெயர். பத்து எண்களையும் அழுத்தாமல் ஒரே எண்ணில் ஆளைப் பிடிக்கும் வசதி. சில கருவிகளில் எண்ணை அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலவற்றில் மெமரி என்ற பொத்தானை முதலில் தட்ட வேண்டும். இது நேற்று வந்த விடயமுமல்ல. 1965 இல் அமெரிக்காவின் நியூஜேர்ஸி மாநிலத்தில் சக்கசன்னா என்ற ஊரில் இலத்திரனியல் தொலைபேசி நிலையம் இயங்கத் தொடங்கியபோதே இந்த வசதியும் கூடவே வந்துவிட்டது. நமது வீடுகளில்தான் அது தூசி படிந்து கிடக்கிறது.

எங்கள் உம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கண்டிக்கு அருகே எங்கள் ஊரில் தங்கையின் குடும்பத்தோடு இருக்கிறார். தங்கை பாடசாலை ஆசிரியை, மச்சானுக்குக் கடை. காலை ஏழு மணி முதல் பகல் இரண்டு மணி வரை வீட்டில் உம்மா தனியே. மத்ரஸாவில் தங்கிப் படிப்பிக்கும் நான் வியாழன் பின்னேரம்தான் ஊர் வந்து சேர்வேன். உம்மாவுக்கு ஈளை வருத்தம் உண்டு, ஒரு கண்ணில் வெண்படலமும் உண்டு. ஆகவே அந்தத் தொலைபேசி எங்களுக்கு அலங்காரப் பொருள் அல்ல.

ஒரு காலத்தில் உம்மாவுக்கு இந்த ஸ்பீட் டயல் தேவைப்படவில்லை. ஊரில் முப்பது வீட்டு இலக்கங்களாவது மனனம். 2003 இல் நாட்டின் தொலைபேசி இலக்கமுறை மாறியது. 08 என்றிருந்த கண்டிக் குறியீடு 081 ஆனது, பழைய இலக்கங்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தது. நாங்கள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகத் திருத்திக் கொண்டிருந்தோம். "முன்னுக்கு ஒரு ரெண்டு போட்டாச் சரிதானே மகன், இதுக்கேன் புத்தகம்?" என்றார் உம்மா. ஹிப்ழ் வகுப்புப் பிள்ளைகளோடு மாரடிக்கும் எனக்கு அந்த ஞாபக சக்தியைக் கண்டு ஒரு பொறாமையே உண்டு. பிறகு கைத்தொலைபேசிகள் வந்தன. பேரப்பிள்ளைகள் சிம் மாற்றினார்கள். மனனமும் கலைந்து போயிற்று.

2021 இல் வீட்டுக்குப் பைபர் இணைப்பு எடுத்தோம். பிள்ளைகளுக்குச் சூம் வகுப்பு, வேறு வழியில்லை. வந்தவர்கள் பழைய செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, தொலைபேசியை இணையப் பெட்டியின் பின்புறம் சொருகிவிட்டுப் போனார்கள். வீட்டு இலக்கம் மாறவில்லை. ஆனால் கருவி புதியது. பழைய கருவிக்குள் சேமித்து வைத்ததெல்லாம் அந்தக் கருவியோடே போய்விட்டது. உம்மா கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்கட ஆக்கள்ட பேரொண்டும் இல்லையே மகன்?"

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பேப்பரும் பேனையுமாக உட்கார்ந்தோம். யாரை எந்த எண்ணில் போடுவது? இது இலேசான காரியமென்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்தில் மனஸ்தாபம் வருமளவுக்கு இதில் விடயம் இருக்கிறது. முதலிடத்தில் எதிர்வீட்டு மாமியைப் போடலாம் என்றேன் நான். கட்டாரில் இருக்கும் என் தாத்தா வட்ஸ்அப்பில் கொதித்தெழுந்தார். "மூத்த மகள் நான் இருக்கத் தம்பி, முதல் நம்பர் பக்கத்து வீட்டுக்கா?"

தாத்தாவின் பாசத்தில் குறை சொல்ல யாரால் முடியும்? ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் டோஹாவிலிருந்து வந்து கதவைத் திறக்க அவரால் முடியாதே. அதுமட்டுமல்ல, அவருடைய இலக்கத்தை 00974 என்று தொடங்கிப் போட்டுப் பார்த்தால், பதிவு செய்த ஒரு குரல்தான் பேசியது. எங்கள் இணைப்பில் வெளிநாட்டு அழைப்பு திறக்கப்பட்டிருக்கவில்லை. வட்ஸ்அப்பில் காசில்லாமல் பேசுகிறோமே என்று அதே இலக்கத்தை வீட்டுத் தொலைபேசியில் போட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரச்சினையைத் தீர்த்தவர் உம்மாதான். விரலால் பொத்தான்களைத் தடவிக் கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். 5 இன் மேல் சிறு புள்ளியொன்று புடைத்து நிற்கும், நீங்களும் தடவிப் பாருங்கள். "இது கண்ணு தெரியாட்டியும் தெரியுது. மாமிய இதுல போடுங்க." அப்படியே செய்தோம். 2 தாத்தாவுக்கு என்றானது. அதற்காக வெளிநாட்டு அழைப்பையும் திறந்தெடுத்தோம். 3 இல் தங்கையின் கைத்தொலைபேசி அல்ல, அவருடைய பாடசாலைக் காரியாலயம். வகுப்பு நேரத்தில் அவருடைய தொலைபேசி பையினுள் சத்தமின்றிக் கிடக்குமே! 4 மச்சானின் கடை, 6 நான். 1 ஐ விட்டுவிட்டோம். பல கருவிகளில் அது குரல் அஞ்சலுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு சிறு நுணுக்கம். இணைய வழித் தொலைபேசி கடைசி எண்ணை வாங்கிய பின்பும், இன்னும் எண் வருமோ என்று சில வினாடிகள் காத்திருக்கும். அந்த அமைதியில் உம்மா "இது வேல செய்யல்ல" என்று ரிசீவரை வைத்துவிடுவார். இலக்கத்தின் கடைசியில் # அடையாளத்தையும் சேர்த்துச் சேமித்தோம். உடனே மணி அடித்தது. எல்லாக் கருவியும் இதை ஏற்றுக் கொள்வதில்லை, போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளூர் இலக்கமானாலும் 0 இலிருந்து பத்து எண்களையும் முழுமையாகப் போடுவதே நல்லது.

2022 இல் மின்வெட்டு வந்தபோதுதான் பெரிய பாடம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். செப்புக் கம்பிக் காலத்தில் தொலைபேசிக்குரிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் பற்றரிகளிலிருந்து கம்பி வழியே வரும். வீடு இருண்டாலும் தொலைபேசி பேசும். பைபரில் வருவது ஒளி, அதில் மின்சாரம் வராது. வீட்டு இணையப் பெட்டி அணைந்தால் தொலைபேசியும் அணைந்துவிடும். எட்டு எண்ணில் எட்டுப் பேரைப் போட்டிருந்தும் என்ன பயன்? இணைப்புக் கொடுத்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. பெட்டிக்கென்று ஒரு சிறிய யூ.பி.எஸ் வாங்கி மாட்டினோம். கம்பியில்லாத தொலைபேசியின் அடிப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், உம்மாவின் கட்டிலருகே கம்பியுள்ள சாதாரணக் கருவியையே வைத்திருக்கிறோம்.

அம்பியூலன்ஸ் இலக்கத்தைப் பொத்தானில் போடவில்லை. சின்னப் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்தி, உயிருக்குப் போராடும் ஒருவருக்குப் போக வேண்டிய வாகனத்தைத் திசை திருப்பிவிடக் கூடாது. 2016 இல் தொடங்கி இன்று நாடு முழுவதும் இலவசமாக ஓடும் சுவசெரியவின் இலக்கம் 1990. நான்கே எண்கள், பொலிஸ் 119 அதைவிடக் குறைவு. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, அதன் கீழே வீட்டு விலாசத்தையும், எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதினோம். பதற்றத்தில் சொந்த வீட்டு விலாசமே வாயில் வராது.

2023 இல் ஒரு காலை, ஒன்பது மணியிருக்கும். உம்மாவுக்கு இழுப்புக் கூடிவிட்டது. பேச முடியவில்லை. 5 ஐ அழுத்தினார். எதிர்வீட்டு மாமிக்குக் கேட்டது மூச்சுச் சத்தம் மட்டும்தான். அது போதுமாக இருந்தது. மாமி ஓடிவந்து, சுவரிலுள்ளதைப் பார்த்து 1990 ஐ அழைத்து விலாசம் சொல்லியிருக்கிறார். தங்கை பாடசாலையிலிருந்து வந்து சேரும்போது உம்மா வாகனத்தில் ஏற்றப்பட்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், மூன்றாம் நாள் வீடு வந்தார். விடயம் கேட்ட தாத்தா மாமிக்கு அழைத்து நீண்ட நேரம் அழுதாராம்.

இப்போது மாதாமாதம் தலைப்பிறை கண்ட மறுநாள் தங்கை உம்மாவைத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைக்கிறார். ஒவ்வோர் எண்ணாக அழுத்தி, எதிர்முனையில் உரிய ஆள்தானா என்று பார்ப்பார்கள். சென்ற வருடம் மச்சான் கடை இலக்கத்தை மாற்றியது இப்படித்தான் பிடிபட்டது.

8 இல் இருப்பது சாச்சியின் இலக்கம். உம்மாவின் ஒரே தங்கை, மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. அந்த இலக்கம் இப்போது யாரோ ஒரு சிங்களப் பிள்ளையிடம் இருக்கிறது. ஒருமுறை உம்மா அழுத்தி, அந்தப் பிள்ளையும் மரியாதையாகப் பேசியிருக்கிறது. "டாக்டருடைய இலக்கத்தை இதில் போடுவோமா உம்மா?" என்று தங்கை இரண்டு தடவை கேட்டுவிட்டார். "டாக்டர ஒம்பதுல போடுங்க மகள்" என்கிறார் உம்மா. சோதிக்கும் நாளில் 7 வரை அழுத்திவிட்டு, 8 ஐத் தாண்டி 9 க்குப் போவார்.