பத்தாவது ஆள்

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவனுக்கு ஆட்டம் முடிந்ததும் கையில் ஏதேனும் ஒன்று மிஞ்சுகிறது. பரிசுத்தொகை, தரவரிசை, அணியில் ஓர் இடம், குறைந்தபட்சம் செய்தித்தாளில் ஒரு வரி. இவற்றுள் எதுவும் தமக்குக் கிட்டாது என்று ஐயமற அறிந்தவர்கள், நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்கள், மாலை ஐந்து மணியானதும் கையிலுள்ள வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுத் திடலுக்கு விரைவது எதற்காக? சில மாலைகளில் தோற்றும் நிறைவோடு வீடு திரும்புகிறோம். வேறு சில மாலைகளில் வென்றிருந்தும் ஏதோ குறைந்தாற்போல் இருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பூப்பந்து ஆடுகிற நாங்கள் நெடுநாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சின் சாரத்தை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

இக்கேள்வியைக் குறித்து உலகில் அதிகம் எழுதியிருப்பவர்கள் கோல்ஃப் ஆட்டக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஆட்டம் தூரத்துச் செய்தி. கோல்ஃப் என்றால் சென்னையில் கிண்டியும் நந்தனமும், மலைமீது உதகையும் கொடைக்கானலும் நினைவுக்கு வருமே தவிர, புளியங்காடாக இருந்து பெயர்பெற்ற திண்டிவனம் வராது. ஆயினும் அவர்கள் சொல்வதில் எங்களுக்குப் பயன்படுவன உண்டு. 18 குழிகள், ஏறக்குறைய நான்கு மணி நேர நடை, 4.25 அங்குல விட்டமுள்ள குழிக்குள் ஒரு சிறு பந்தைச் சேர்ப்பதற்கு இத்தனை பாடு. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டுபோய்க் குழியில் போட்டுவிட்டால் காரியம் எளிதில் முடிந்துவிடும். அப்படி முடிக்க மறுப்பதில்தான் ஆட்டம் என்பதே இருக்கிறது என்று பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978இல் வெளியான தம் நூலில் விளக்கினார். தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்றுக்கொள்வதே விளையாட்டு என்பது அவர் துணிபு.

கோல்ஃப் ஆடுகிற சாதாரணர்களின் நிறைவுக்கு இரண்டு காரணங்கள் எங்களுக்குப் புலப்படுகின்றன. முதலாவது அவர்களுடைய 'ஹேண்டிகேப்' கணக்கு. தேர்ந்தவனுக்கும் தேராதவனுக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணால் அளந்து, தேராதவனுக்கு அத்தனை அடிகளைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. 2020இல் உலகம் முழுமைக்கும் ஒரே முறை நடைமுறைக்கு வந்தது. ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த எட்டின் சராசரியை அடிப்படையாகக் கொண்டு அந்த எண் கணிக்கப்படுகிறது. மோசமான பன்னிரண்டு ஆட்டங்கள் கணக்கில் சேர்வதில்லை. மனிதனை அவனுடைய நல்ல நாட்களைக் கொண்டு மதிப்பிடுகிற ஏற்பாடு உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, ஆடுபவனே தன் தவற்றைச் சொல்லும் மரபு. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் அடிக்க நின்றபோது பந்து மிகச் சிறிதளவு அசைந்துவிட்டது. வேறு எவர் கண்ணுக்கும் படவில்லை. அவர் தாமாகவே சொல்லித் தமக்கு ஓர் அடியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டார். அந்த ஓர் அடியினால் போட்டி சமனில் முடிந்தது. பிறகு நடந்த தீர்வாட்டத்தில் வில்லி மக்ஃபார்லனிடம் தோற்றார். ஜோன்ஸ் வழக்கறிஞர்; கடைசிவரை பணத்துக்கு ஆடாத ஆட்டக்காரராகவே போட்டிகளில் இருந்தவர். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் போட்டிகளையும் வென்றபின், 28 வயதில் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார்.

இனி எங்கள் ஆட்டத்துக்கு வருவோம். பூப்பந்து என்று நாங்கள் சொல்வது பால் பேட்மிண்டனை. இறகுப்பந்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மஞ்சள் கம்பளி நூலால் ஆன பந்து, எடை 27 முதல் 30 கிராம். 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களம், நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சை அரச குடும்பத்தார் 1856இலேயே இதை ஆடியதாகச் சொல்வார்கள். 1954இல் இதற்கென்று அகில இந்தியச் சம்மேளனம் அமைந்தது. 1970இல் வாரங்கல் பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். முன்பு 29 புள்ளிக்கு ஆடினோம், இப்போது 35. பந்து தரையைத் தொடுமுன் திருப்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஓர் அடிதான். அடித்தவர், எதிர்ப்பக்கம் ஒருமுறை தொட்ட பிறகே மீண்டும் அடிக்கலாம்.

ஆடம்பரமான உபகரணம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு, வலை கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டால் களம் தயார். இலவசமாகக் கிடைக்கிற இன்னொரு ஆட்டக்காரர் உண்டு: காற்று. கம்பளிப் பந்து காற்றுக்கு அடங்கியது. கோடையில் பிற்பகல் சரிந்ததும் மரக்காணம் பக்கமிருந்து வரும் கடற்காற்று திண்டிவனத்தை முதலில் தொட்டுவிட்டு விழுப்புரத்துக்குத் தாமதமாக வந்து சேரும். காற்றை எதிர்த்து ஆடுகிற பக்கத்தில் பந்து வலையைத் தாண்டத் தயங்கும்; காற்றோடு ஆடுகிற பக்கத்தில் தொட்டாலே கோட்டைத் தாண்டிப் போகும். மார்கழியில் பனி இறங்கினால் பந்து நனைந்து கனக்கும். நேற்று கைவந்த அடி இன்றைக்கு வருவதில்லை. அதனால் எவருக்கும் ஆட்டம் முழுமையாகக் கைவசமாவதில்லை. முப்பதாண்டு ஆடியவரும் ஒவ்வொரு மாலையும் முதல் பத்து நிமிடம் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்.

எங்களிடம் ஹேண்டிகேப் எண் கிடையாது. ஆள் பிரிப்பதுதான் எங்கள் கணக்கு. பத்துப் பேர் சேர்ந்ததும் இருவர் தலைமை ஏற்று மாறிமாறி ஆள் எடுப்பார்கள் என்பது பள்ளிக்கூடத்து வழக்கம். கடைசியாக எடுக்கப்படுபவனுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பதைச் சிறுவயதில் விளையாடிய அனைவரும் அறிவர். நாங்கள் அதை விட்டுவிட்டோம். மிகத் தேர்ந்தவர் இருக்கும் பக்கத்தில், அன்றைக்கு மிகவும் தளர்ந்திருப்பவர் சேர்ந்துகொள்வார். யாரும் அறிவிப்பதில்லை, அவரவர் நடந்துபோய் நிற்பதிலேயே அது முடிந்துவிடும். பிரித்தது சரியில்லை என்று பத்துப் புள்ளியில் தெரிந்துவிட்டால், "அண்ணே, நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க" என்று ஒருவரை மாற்றிக்கொள்வோம். புள்ளிகளை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் உண்டு. அதுவரை ஆடியது வீண் என்று எவரும் எண்ணியதில்லை.

இதில் நாங்கள் கண்டது ஒன்று. 35க்கு 12 என்று வென்ற ஆட்டத்தை எவரும் தேநீர்க் கடையில் பேசுவதில்லை. 35க்கு 33 என்று முடிந்த ஆட்டத்தை, தோற்றவர்களே முதலில் பேசத் தொடங்குகிறார்கள். பேச்சில் வருவதும் வெற்றிப் புள்ளியன்று. பந்து தரையில் விழாமல் நெடுநேரம் போய்வந்த ஏதோ ஓர் இடைப்புள்ளிதான்.

மாதம் ஒரு ஞாயிறு விழுப்புரத்தாரும் திண்டிவனத்தாரும் சந்தித்து ஆடுவது எங்கள் வழக்கம். நாற்பது கிலோமீட்டருக்குள்ளான தூரம். சிலர் பேருந்தில் போவார்கள். பாசஞ்சர் வண்டியில் போகிறவர்களுக்கு முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையம் நிலையமாக ஆட்டம் முன்கூட்டியே தொடங்கிவிடும். அப்படியொரு ஞாயிறு, திண்டிவனத்துத் திடலில், எங்கள் பக்கப் பின்வரிசைக்காரர் அடித்த பந்தை அவர்களுடைய லாரி மெக்கானிக் ஏறக்குறையத் தரைக்கு ஓர் அங்குலம் மேலே குனிந்து எடுத்தார். நாங்கள் மறுபடி ஓங்கி அடித்தோம். மறுபடி எடுத்தார். நான்காம் முறை, காற்றோடு போன பந்தைப் பின்னோக்கி ஓடியபடியே தலைக்கு மேலாகத் திருப்பினார். எங்கள் ஐவரில் எவரும் அசையவில்லை. பந்து எங்கள் நடுவே விழுந்தது. புள்ளி அவர்களுக்கு. கைதட்டியது நாங்கள்.

திரும்பும் வழியில் எங்களுள் ஒருவர் சொன்னார்: "அவரு எடுக்காம வுட்டிருந்தா, நாம அடிச்சது நல்ல அடின்னு நமக்கே தெரிஞ்சிருக்காது." அன்று முழுதும் அந்த வாக்கியம் எங்களோடு வந்தது. கோல்ஃப் ஆட்டக்காரன் தன் நல்ல அடியைத் தனியாக அடைகிறான். குழியும் புல்லும் காற்றும்தாம் அவனுக்கு எதிராளி. எங்கள் ஆட்டத்தில் என் நல்ல அடி என்பது எதிரே நிற்பவர் பாதி உண்டாக்கித் தருவது. அவர் தளர்ந்துவிட்டால் என் திறமையும் தளர்ந்துபோகிறது. எதிராளி நன்றாக ஆட வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொள்ளும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அன்றிலிருந்து அவருக்கு ஆட்டத்தில் நட்டமென்று ஒன்றில்லை.

நடுவர் இல்லாத ஆட்டம் எங்களுடையது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதை, எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்தார்தாம் சொல்ல வேண்டும். மட்டையின் விளிம்பில் பந்து உரசிப் போனால், உரசியவருக்கு மட்டும்தான் அது தெரியும். "பட்டுச்சு" என்று அவர் கையைத் தூக்கிவிடுவார். அந்த ஒரு சொல்லால் புள்ளி போய்விடும். இதற்காக நாங்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வதில்லை; பாராட்டினால் அது சிறுமையாகிவிடும். ஆனால் அப்படிச் சொல்லாதவர் ஒருவர் சில மாதம் எங்களோடு ஆடினார். எவரும் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. ஆட்டத்தின் சுவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனதை அனைவரும் உணர்ந்தோம். ஒருநாள் அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார். 1925இல் ஜோன்ஸ் இழந்த ஓர் அடியின் பெறுமதி அப்போது எங்களுக்கு விளங்கிற்று.

இவையெல்லாம் நடக்க வேண்டுமானால் முதலில் பத்துப் பேர் வேண்டும். கோல்ஃபைத் தனியே ஆடலாம், இறகுப்பந்தை இருவர் ஆடலாம். எங்கள் ஆட்டத்தில் எட்டுப் பேர் வந்தால் நான்கு நான்காகப் பிரிந்து ஆடுவோம். ஆனால் களம் அகலமாகிவிடுகிறது, ஓட்டம் மிகுகிறது, பந்து போய்வருவது குறைகிறது. ஆறு பேர் என்றால் அது வேறு ஆட்டம். அதனால் எங்கள் ஒவ்வொரு மாலையும் ஓர் எண்ணிக்கையோடுதான் தொடங்குகிறது. ஒன்பது பேர் நின்றுகொண்டு சாலையைப் பார்த்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், தூரத்தில் ஒரு சைக்கிளோ ஸ்கூட்டரோ திரும்புவது தெரிந்தால் எழும் ஆரவாரத்தை எந்தப் பரிசுக் கோப்பையும் எழுப்பியதில்லை. வருபவர் எப்படி ஆடுவார் என்பது அப்போது ஒரு பொருட்டே அன்று. அவர் பத்தாவது ஆள்.

எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எழுபதைக் கடந்தவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. "இனிமே நான் வந்தா உங்களுக்குத்தாம்பா இடைஞ்சல்" என்று அவர் சொன்னபோது, "சார், நீங்க ஃப்ரண்ட்ல நின்னா போதும், பின்னாடி நாங்க பாத்துக்கறோம்" என்றோம். அது இரக்கத்தால் சொன்னதாக அவர் எண்ணியிருக்கலாம். எங்களுக்கு அவர் தேவைப்பட்டார் என்பதே உண்மை. வலையோரம் நிற்பவருக்கு ஓட்டம் குறைவு; கண்ணும் மணிக்கட்டும் போதும். அவருடைய மணிக்கட்டுக்கு இன்னும் வயதாகவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருக்கள் ஆறாயின. எங்களில் சிலருடைய வீட்டுக்குள் இடுப்பளவு நீர். ஆட்டத்தைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை, எடுப்பது முறையுமன்று. திடலில் வண்டல் படிந்து, கம்பம் ஒன்று சாய்ந்து, கோடுகள் இருந்த தடமே இல்லாமற்போயிற்று. சில வாரம் கழித்து ஒரு மாலை தலைமையாசிரியர் தனியாக ஒரு மண்வெட்டியோடு அங்கே நின்றிருப்பதை வழியில் போன ஒருவர் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொன்னார். போய்ச் சேர்ந்தோம். அன்று ஆடவில்லை, மண்ணை வழித்து, கம்பத்தை நிமிர்த்தி, கோடு போட்டுவிட்டு இருட்டில் கலைந்தோம். ஆடாத அந்த மாலை, ஆடிய பல மாலைகளைவிட நிறைவாக இருந்தது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது எங்கள் கவலை திடலைப் பற்றியதன்று. இளைஞர்கள் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி, கூரைக்குக் கீழ், விளக்கொளியில் இறகுப்பந்து ஆடுகிறார்கள். அதில் பிழையில்லை, நால்வர் போதும், காற்றும் தொந்தரவு செய்யாது. பத்துப் பேருடைய வேலை நேரமும் உடல்நிலையும் குடும்ப விசேஷங்களும் ஒரே மாலையில் ஒத்துவர வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆட்டம் இக்காலத்துக்கு ஏற்றதன்று என்றும் சொல்லலாம். ஆனால் அலுவலகத்தில் தமக்குப் பதில் வேறொருவர் எளிதில் கிடைத்துவிடுவார் என்றும், வீட்டிலும் தாம் இல்லாமல் காரியங்கள் நடக்கப் பழகிவிட்டன என்றும் உணரத் தொடங்குகிற வயதில், இன்று நீ வராவிட்டால் இது நடக்காது என்று சொல்கிற ஓரிடம் இருப்பது சிறிய பேறன்று. எங்கள் நிறைவின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்று இப்போது நினைக்கிறோம்.

வரும் ஞாயிறு திண்டிவனத்தார் விழுப்புரம் வருகிறார்கள். அவர்கள் ஐவரும் உறுதி. எங்கள் பக்கம் இதுவரை நான்கு பேர்.