உலர்வுடை

இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயர்ப் பகுதியில் ஸ்ரோனி கோவ் என்னும் நீர்நிலை உண்டு. கருங்கல் அகழப்பெற்ற பெரும் பள்ளம் அது. 1958 ஆம் ஆண்டில் அகழ்வு ஓய்ந்தபின் ஊற்றுநீர் பெருகி அதனை நிறைத்தது. ஓரத்தில் ஆழமற்ற தட்டுகளாய்த் தொடங்கிப் படிப்படியே ஏறத்தாழ 35 மீற்றர் வரை இறங்கும் அப்பள்ளம், இன்று ஸ்கூபா முறையில் நீர்மூழ்கப் பயில்வோரின் பள்ளிக்கூடமாய் விளங்குகின்றது. தை மாதத்தில் அந்நீர் 5 பாகை செல்சியஸ் அளவிற் கிடக்கும். கோடையில் மேல்நீர் சற்றே வெதுவெதுப்புறினும் அடிநீரின் குளிர் எளிதில் அகலாது. நன்னீர் 4 பாகையிலேயே மிக்க அடர்த்தி பெற்று அடியில் தங்கும் என்பது பௌதிகம் பயின்றோர் அறிந்ததே.

செங்கடலிலோ மாலைதீவுக் கடலிலோ மூழ்கப் பழகிச் சான்றிதழும் பெற்ற ஒருவன் இக்கரையில் வந்து நிற்கின்றான் என்று கொள்வோம். அவன் மீண்டும் அரிச்சுவடி படிக்க வேண்டியவனாகின்றான். தடித்த உள்ளாடைகளை அணிந்து, அவற்றின்மேல் உலர்வுடையைப் பூணவேண்டும். கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாது இறுகப் பற்றும் றப்பர் வளையங்கள். மாப்பூசித் தலையை நுழைக்கையில் கழுத்தை யாரோ நெரிப்பது போன்ற உணர்வு எழும். முதுகின் குறுக்கே ஓடும் 'சிப்'பை அவனால் மூட இயலாது. அருகில் நிற்பவனே இழுத்து மூடவேண்டும். வளர்ந்த ஒருவன் பிள்ளையைப் போலக் கைகளை விரித்து நிற்பதில் ஒரு நாணம் உண்டு. அது முதல் நாளோடு போய்விடும். குளிர் அதனை நெடுநேரம் வைத்திருக்க விடாது.

நீர், வளியைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்கின்றது. ஆகவே உள்ளாடைகளுக்கிடையே அடைபட்ட வளியே உண்மையில் அவனுக்குப் போர்வையாகின்றது. ஆயின் அவ்வளி ஓரளவில் நிற்பதில்லை. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காக, வளியின் கனவளவு பாதியாகும். றொபேட் போயில் 1662 இல் வெளியிட்ட விதியைக் கற்பவன் தன் தோலில் உணர்வது அப்போதுதான்: உடை சுருங்கித் தொடையையும் தோளையும் கிள்ளும். மார்பிலுள்ள பொத்தானை அழுத்திச் சிறிது வளியை உள்ளே செலுத்தினால் கிள்ளல் தணியும், சூடும் மீளும். இதனைக் கற்றல் எளிது. சுகந்தருவதை யாரும் விரைவிற் கற்பர்.

வளியை வெளியேற்றக் கற்பதே கடினம். மேலெழும்போது அதே வளி விரிகின்றது. 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு ஏறுகையில் மூன்றிலொரு பங்கே பெருகும் வளி, 10 மீற்றரிலிருந்து மேற்பரப்பை அடைகையில் இருமடங்காகின்றது. ஆழத்துக்கு அஞ்சி வந்தவனுக்கு இது வியப்பளிக்கும். இடது மேற்கையிலுள்ள வால்வு, அக்கை உயர்ந்திருந்தாலே வளியை வெளிவிடும். தலை தாழ்ந்து கால் மேலானால் வளி பாதங்களுக்கு ஓடும், காலுறைகள் ஊதும், வால்வோ கீழே கிடக்கும். அந்நிலையில் அவன் தலைகீழாகவே மேல்நோக்கி இழுபடுவான். அச்சத்தில் மூச்சை அடக்கினாலோ நுரையீரலே கிழியக்கூடும்.

ஆதலின் பயிற்றுநர் ஆழமற்ற தட்டில் வைத்து அவனை வேண்டுமென்றே தலைகீழாக்குகின்றார். முழங்கால்களை மார்போடு மடக்கி, பந்துபோற் புரண்டு, நிமிர்ந்து, இடக்கையை உயர்த்த வேண்டும். மீண்டும் மீண்டும் இதுவே பாடம். விரல்கள் மரத்து எண்ணம் மந்தமாகுமுன் உடல் இதனைப் பழகிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. தடித்த கையுறைக்குள்ளிருந்து பொத்தானைத் தேடித் தடவும் விரல்களைக் கண்டோர் இதனை மிகை என்னார்.

பயிற்சியின் இறுதியில் அவன் 6 மீற்றரில் தரித்து நிற்கின்றான். குளிர் எலும்பைத் தொடுகின்றது. உடையிலுள்ள வளியை வைத்துக்கொள்ளவே உடல் விழைகின்றது. அவன் இடக்கையை உயர்த்துகின்றான். குமிழிகள் தோளருகே சீறிப் பிரிய, உடை உடலோடு ஒட்டுகின்றது. பயிற்றுநர் பெருவிரலை நிமிர்த்தி, மேலே செல்லுமாறு காட்டுகின்றார்.