மறுக்க இடம் விட்டுக் கேளுங்கள்

ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவில் ரெசிடென்சிப் பயிற்சிக்கு முயலும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அங்கிள், யார்கிட்ட லெட்டர் வாங்கினா வெயிட்டு?" துறைத் தலைவரை எப்படிப் பிடிப்பது, தெரிந்தவர் மூலமாகப் போகலாமா என்று அடுத்தடுத்து வரும். இன்டர்னல் மெடிசின் விண்ணப்பங்களைப் பல வருடம் படித்துச் சலித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் வேலையைப் பார்த்திராத பெரிய மனிதரின் கடிதத்தை நாங்கள் படித்து முடிப்பதுகூட இல்லை. பெயரைப் பார்ப்போம், இரண்டாவது பத்தியில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்று தெரியும், அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவோம்.

2022 ஜனவரி கடைசியிலிருந்து யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது. பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். அதற்குமுன் எண்ணை வைத்தே பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள். இப்போது ஸ்டெப் 2 மதிப்பெண் இருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் இந்தப் பெண் வார்டில் எப்படி நடந்துகொள்வாள், ராத்திரி இரண்டு மணிக்கு இவனை நம்பி நோயாளியை விடலாமா என்பதைக் கடிதம்தான் சொல்ல வேண்டும். ஒரு பயிற்சித் திட்டத்துக்கு அதிகபட்சம் நான்கு கடிதங்கள்தான் வைக்க முடியும். அதில் ஒன்றை வீணடிப்பது பெரிய இழப்பு.

நல்ல கடிதம் எப்படி இருக்கும்? நான் படித்ததில் இன்னும் நினைவில் நிற்பது, ஒரு சின்ன ஊர் மருத்துவர் எழுதியது. எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. இதயச் செயலிழப்போடு திரும்பத் திரும்ப அட்மிட் ஆகும் ஒரு கிழவர். மருந்தெல்லாம் சரியாகத்தான் சாப்பிடுகிறார். உடனிருந்து பார்க்க மட்டும் அப்சர்வராக வந்திருந்த ஒரு இந்தியப் பெண், மருத்துவரின் அனுமதியோடு கிழவரின் மகளிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறாள். மனைவி இறந்தபின் கிழவர் மூன்று வேளையும் டின்னில் வரும் சூப்பையே சூடாக்கிக் குடிக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அத்தனையும் உப்பு. அந்த மருத்துவர் இதை நாலு வரியில் எழுதிவிட்டு, "இவளை நான் என் கிளினிக்கிலேயே வைத்துக்கொள்வேன்" என்று முடித்திருந்தார். அப்சர்வருக்கு நோயாளியைத் தொடக்கூட உரிமையில்லை. ஆனாலும் கவனிக்க ஒரு விஷயம் இருந்தது, கவனித்த ஒருவரும் இருந்தார். அந்தக் கடிதத்துக்காகவே அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டோம்.

மற்ற பெரும்பாலான கடிதங்களில் "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர்" என்று இருக்கும். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர் எழுதுவது அது.

ஆகவே கேட்கும் விதம் முக்கியம். மருத்துவர் ஒருவரிடம் உங்கள் ரொட்டேஷன் முடியும் வாரத்தில், ஒரு நிமிடம் தனியாகப் பேசலாமா என்று கேட்டு, நேரில் கேளுங்கள். ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து மெயில் அனுப்பினால் அவருக்கு உங்கள் முகம்கூட மறந்திருக்கும். "எனக்கு ஒரு லெட்டர் தருவீங்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு மறுப்புச் சொல்வது இங்கே அமெரிக்காவில் மரியாதைக் குறைவு. சரி என்றுதான் சொல்வார். "என்னைப் பற்றி உறுதியாக எழுதுகிற அளவுக்கு என் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை என்றாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்போது ஒருவர் முகம் மலர்ந்து "நிச்சயமாக" என்றால் அவர்தான் உங்கள் ஆள். "இந்த மாதம் வேலை அதிகம்", "உங்களை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இருப்பாரே" என்றால் அது மறுப்பு. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பெரியவர்கள் முதலில் பிகு பண்ணுவார்கள், இரண்டு மூன்று முறை கேட்டால் இறங்கி வருவார்கள் என்று பழகி வளர்ந்தவர்கள் நாம். இங்கேயும் இறங்கி வருவார்கள். வந்து, சூடும் இல்லாத குளிரும் இல்லாத ஒரு கடிதம் எழுதுவார்கள். அதற்கு இல்லாமலே இருந்திருக்கலாம்.

"நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பவர்களும் உண்டு, ஊரில் அதிகம். ஹவுஸ் சர்ஜன் டைப் அடித்து நீட்டுவார், ஹெச்.ஓ.டி. நின்றபடி கையெழுத்துப் போடுவார். அதை ஒரு குற்றமாகவே யாரும் நினைப்பதில்லை. ஆனால் உங்கள் சுயவிவரக் கட்டுரையில் வரும் அதே சொற்றொடர் கடிதத்திலும் வந்தால், ஒரே மேசையில் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்குத் தெரியாதா? அப்படிச் சொல்பவரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். சேர்ந்து பார்த்த மூன்று நான்கு கேஸ்கள் (நோயாளியின் பெயர் இல்லாமல்), அதில் நீங்கள் செய்தது என்ன, எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பது போதும். வாக்கியம் அவருடையதாக இருக்கட்டும்.

காசு வாங்கிக்கொண்டு ரொட்டேஷன் ஏற்பாடு செய்யும் ஏஜென்சிகள் "கடிதம் நிச்சயம்" என்று விளம்பரம் செய்கின்றன. ஒரே மருத்துவரிடமிருந்து, பெயர் மட்டும் மாறி, வரிக்கு வரி அதே கடிதம் ஒரே சீசனில் ஏழெட்டுப் பேருக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இனி நடைமுறை. கடிதம் உங்கள் கைக்கு வராது, வரவும் கூடாது. ஈராஸ் என்ற விண்ணப்பத் தளத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கோரிக்கைப் படிவம் உருவாகும். அதை அவருக்கு அனுப்பினால், அவரோ அவருடைய உதவியாளரோ நேரடியாகத் தளத்தில் ஏற்றுவார். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று குறியிடுங்கள். பார்க்கப்போகிற பிள்ளையின் கண் முன்னால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். விட்டுக்கொடுக்காத கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் எடுப்போம். செப்டம்பர் தொடக்கத்தில் விண்ணப்பங்கள் போகும், மாதக் கடைசியில் பயிற்சித் திட்டங்கள் திறந்து படிக்கத் தொடங்கும். ஜூலைக்குள் கேட்டுவிட்டு, ஆகஸ்ட் நடுவில் உங்கள் உண்மையான கெடுவுக்கு இரண்டு வாரம் முந்திய தேதி ஒன்றைச் சொல்லி நினைவூட்டுங்கள். நினைவூட்டினால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள். மறந்துபோன மருத்துவர் சங்கடப்படுவாரே தவிர, கோபப்படமாட்டார்.

எழுதித் தந்தவருக்கு நன்றி மெயில் எல்லோரும் அனுப்புகிறார்கள். மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை ரெசிடென்சி இட ஒதுக்கீடான மேட்ச் முடிவு வந்ததும், இடம் கிடைத்தவர்கள் அவருக்குப் போட்டோ அனுப்புகிறார்கள். கிடைக்காதவர்களோ ஒளிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாரத் திங்கட்கிழமையே தெரிந்துவிடுகிறது, காலி இடங்களுக்கான சோப் சுற்று தொடங்கிவிடுகிறது. அந்தச் சுற்றில் உங்களுக்காக வேறு யாரும் பயிற்சித் திட்டங்களைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது என்பது விதி. அதனால் அந்த நாட்களில் அவரிடம் சிபாரிசு கேட்காதீர்கள். ஆனால் வாரம் முடிந்ததும் போன் செய்து, இந்த வருடம் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆராய்ச்சி உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அடுத்த ஜூலையில் புதுத் தேதியோடு மறுபடி ஒரு கடிதம் அவரிடம் கேட்க வேண்டியிருக்கும், அதையும் அந்தப் போனிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.