பேரனாரின் கல்வெட்டு

ஸ்காபரோவிலிருந்து முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து யாழ்ப்பாணம் வந்தவருக்கு நல்லூர்த் தேரும் வேண்டாம், கீரிமலைக் குளிப்பும் வேண்டாம். பேரனாரின் கல்வெட்டு வேண்டும். இறந்தவரின் அந்தியேட்டி வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மெல்லிய புத்தகம்தான் அது: திதி வெண்பா, தேவாரம், புலம்பல், கடைசியில் வம்சவழி. வீட்டில் இருந்த பிரதி 1995 இடப்பெயர்வில் தொலைந்தது. இன்னொன்றை எழுபதுகளில் பொது நூலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அது எரிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க வந்திருந்தார்.

ஆஸ்பத்திரி வீதி, மணிக்கூட்டுக் கோபுரம், முனியப்பர் கோயில் எல்லாம் ஓட்டோவின் வேகத்தில் கடந்து போயின.

நூலகத்தின் வெள்ளைதான் முதலில் அவருக்கு எரிச்சலூட்டியது. சரஸ்வதி சிலைக்கு முன்னால் சுற்றுலாக்காரர் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். சுவரில் ஒரு பொட்டுக் கரி இல்லை. சிதைந்த கட்டடத்தை அப்படியே நினைவுச்சின்னமாக விடவேண்டும் என்று ஒரு காலத்தில் பலர் வாதாடினார்கள். அவரும் அந்தக் கட்சிதான்.

1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் வைத்து இரவல் கொடுத்த புத்தகங்களில் தொடங்கியது இந்த நூலகம். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொல்லி எழுந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு, மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருக்கையில், பொலிசாரும் அவர்களோடு வந்தவர்களும் நகரைக் கொளுத்தத் தொடங்கினார்கள். நூலகத்தில் எரிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும். ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் அதே நாட்களில் எரிந்தன. தீயைத் தூரத்திலிருந்து கண்ட தமிழறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார்.

பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலையின் கையெழுத்துப் பிரதி ஒன்றும் போனது என்பார்கள். ஆனால் நூல் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது அச்சேறி ஊரெல்லாம் பரவியிருந்தது. பரவாத ஏடுகள்தான் போனவை.

உசாத்துணைப் பகுதியில் இருந்த பெண்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். “எந்த ஊர் ஐயா? எந்த அச்சகம் எண்டு தெரியுமோ?” என்று கேட்டாள். அச்சகம் அவருக்குத் தெரியவில்லை, ஊரைச் சொன்னார். அவள் தேடினாள், இல்லை. “கொஞ்சம் இருங்கோ” என்று உள்ளே போனவள், அதே ஊர்க்காரர் யாரோ அண்மையில் கொண்டுவந்து கொடுத்த கல்வெட்டுகளில் ஒரு கட்டைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள்.

துருப்பிடித்த கம்பி, பூச்சி அரித்த ஓரம். நாலாவது புத்தகம் சம்பந்தி வீட்டுப் பெரியவருடையது. வம்சவழிப் பக்கத்தில், கிளை பிரியும் இடத்தில், பேரனாரின் பெயர். அதற்குக் கீழே ஆறு பிள்ளைகள். வீட்டில் ஐந்து பேரைப் பற்றித்தான் அவர் கேள்விப்பட்டிருக்கிறார்.

ஆறாவது பெயரை அவர் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டார். “நூலகம் இணையத்திலயும் பாருங்கோ ஐயா, அங்கயும் நிறையக் கிடக்கு” என்றாள் அவள். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் கோயில் மலர்களையும் பள்ளிக்கூடச் சஞ்சிகைகளையும் சேர்த்து வருகிறது. மூலப்பிரதிகள் பெரும்பாலும் வீடுகளிலிருந்து வந்தவை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் எத்தனையோ வீட்டு நிலவறைகளில் இப்படிக் கட்டுகள் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது; வீடு விற்கும்போது எல்லாம் குப்பைக்குப் போகும். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் இந்த மாதமே ஸ்கான் செய்து அனுப்புங்கள், மூலத்தை யாழ்ப்பாணம் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வம்சவழிப் பக்கம் இருந்தால் போதும்.